இரவல் கால்

சப்பாத்து கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ரூபிகாவுக்குப் பயம் வந்ததே அதனால்தான்.

எங்காவது கொஞ்சம் கடித்திருக்கலாம். குதிகால் பக்கம் ஒரு விரல் நுழையும்படியாவது இடைவெளி இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லை. ஹட்டன் மண்டபத்து மேடையில், மலைநாட்டுப் பாத நலச் சபையின் தலைவர் செல்லசாமி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஒற்றை முழங்காலில் குந்தியிருந்தார். அவளுடைய வலது கால் அவருடைய உள்ளங்கையில் இருந்தது. படம் பிடிக்கிறவர் "இன்னொருக்கா ஐயா" என்று சொல்லும்போதெல்லாம் அவர் சப்பாத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அது தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணைப் போல அவசரமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"பாருங்க, நல்லா பாருங்க!" தலைவர் ஒரு கையால் மைக்கை வாங்கிக்கொண்டார். மற்றக் கை காலை விடவில்லை. "இதுதான் தக்ஷிகாவோட கால்! கள்ளக் கால் ஒண்ணு மேட வரைக்கும் ஏறி வந்துச்சு. சபை விட்டுச்சா? விடல!"

மண்டபம் கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் ரூபிகா வாழும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மேடையில் உட்கார்ந்திருப்பது ரூபிகா என்பதும், உண்மையான தக்ஷிகா சற்று முன் மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் வெறுங்காலோடு நிற்கிறாள் என்பதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளும் அவர்கள் கண்முன்னே வளர்ந்தவர்கள். ஆனால் மேடையில் இருக்கும் பெரிய மனிதர் மூச்சு வாங்க நிறுத்தினால் கைதட்ட வேண்டும் என்பது பழகிப்போன காரியம். எதற்குத் தட்டினோம் என்பதைப் பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொள்ளலாம்.

"ஐயா," என்றாள் ரூபிகா. குரல் மைக்குக்கு எட்டவில்லை. "ஐயா, நான் தக்ஷிகா இல்லீங்க. நான் ரூபிகாங்க. அவ அந்தா பின்னால நிக்கிறா."

தலைவர் அவளை அன்போடு பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார்.

"புள்ள என்னா சொல்லுது தெரியுமா? தான் தக்ஷிகா இல்லையாம்! மேடைய பாத்த பயத்துல பேரே மறந்துபோச்சு. நம்ம சமூகத்தோட பிரச்சினையே இதுதான். நாம யாருன்னு நமக்கே தெரியாது. அதச் சொல்லித் தரத்தான் சபை இருக்கு."

மறுபடி கைதட்டல். இந்த முறை ரூபிகாவின் அம்மா ஜீவராணியும் தட்டினாள்.

*

ரூபிகா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கால் கொடுத்தாள்.

அவர்கள் தோட்டத்தில் அது தப்பே இல்லை. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிற பெண்கள் மாலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வருவார்கள். தராசில் நிறை காணாவிட்டால் முழுப்பேர் விழாது, அரைநாள் கூலிக்கு அரைப்பேர்தான். நாள் முழுக்க மழையில் நின்ற பெண்ணுக்கு அரைப்பேர் என்றால் அது கூலிக்கு மட்டும் நட்டம் அல்ல, முகத்துக்கும் நட்டம். ஆகவே நிறை குறைகிற பெண்ணின் சாக்கில், பக்கத்தில் நிற்பவள் தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளிப் போடுவாள். கணக்கப்பிள்ளை அப்போது வானத்தைப் பார்ப்பார். தக்ஷிகாவின் அம்மா காய்ச்சலோடு வேலைக்குப் போன நாட்களில் ஜீவராணி கொழுந்து போட்டிருக்கிறாள். ஜீவராணிக்கு முதுகு பிடித்துக்கொண்ட வாரத்தில் தக்ஷிகாவின் அம்மா போட்டாள். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. ஒரே லயத்து வீட்டு வரிசையில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு அதற்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் வேறு வேலை பார்க்க முடியாது.

கொழுந்து கொடுக்கலாம் என்றால் கால் கொடுக்கக் கூடாதா? ரூபிகா அப்படித்தான் நினைத்தாள்.

தக்ஷிகா ஓடுகிறவள். பஸ் வராத நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள், வந்த நாளில் பஸ்ஸோடு ஓடுவாள். வலயப் போட்டியில் பள்ளிக்கூடத்தின் ஒரே சோடி ஓட்டச் சப்பாத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். அது எப்போதோ படித்த ஓர் அண்ணனின் சப்பாத்து. முன்பக்கம் பழைய பத்திரிகையைத் திணித்துக்கொண்டு ஓடினாள். கடைசி வளைவில் சப்பாத்து ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. அப்படியும் முதலாவதாக வந்து விழுந்தாள். வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. "காலுக்குச் சரியான சப்பாத்து இல்லாம இனிமே ஓடக்கூடாது" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் பாத நலச் சபை கதைக்குள் வருகிறது.

மலைநாட்டு மக்கள் முன்னேறாததற்குக் காரணம் அவர்களுடைய பாதங்களை இதுவரை யாரும் முறைப்படி அளக்காததுதான் என்று கண்டுபிடித்த சில பெரியவர்கள் சேர்ந்து தொடங்கிய சபை அது. சபைக்கு ஹட்டன் பஜாரில் மாடிக் கட்டடம் இருந்தது. வாகனம் இருந்தது. பாதம் பொறித்த கொடி இருந்தது. கணேசமூர்த்தி என்று ஒரு பாத அலுவலர் இருந்தார். பாதத்தை அளப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த பித்தளைக் கருவி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு, 'தொடாதீர்கள்' என்ற பலகையோடு இருந்தது. சப்பாத்து மட்டும் இருக்கவில்லை. அதையும் இந்த வருடம் ஒரு சோடி கொடுப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். காயப்பட்டு மீண்ட ஓர் ஓட்ட வீரருக்கு.

விளையாட்டு ஆசிரியர் ஜீவராஜ் சேர், தக்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு போனார். தோள் கொடுக்க ரூபிகாவும் போனாள். முதல் தடவை போனபோது காயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கணேசமூர்த்தி வீக்கத்தை விரலால் அழுத்தினார். தக்ஷிகா கத்தினாள்.

"நல்ல காயம்," என்றார் அவர் திருப்தியாக. "தகுதி இருக்கு. அச்செடுக்கிற அன்னைக்கி வாங்க."

அச்செடுக்கிற அன்றைக்குப் போனபோது மாடியெல்லாம் தோரணம். குத்துவிளக்கு எரிந்தது. பொன்னாடைகள் ஒரு நாற்காலியில் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பெரிய பேசினில் வெள்ளைச் சாந்து கரைத்து வைத்திருந்தார்கள். அதில் காலை வைத்தால் அச்சு கிடைக்கும், அச்சைக் கொழும்புக்கு அனுப்பினால் சப்பாத்து வரும். கணேசமூர்த்தி தக்ஷிகாவின் கட்டை அவிழ்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னாங்க சேர் இது? வீங்கியிருக்கு."

"காயம்ங்க சேர்," என்றார் ஜீவராஜ் சேர்.

"காயம் போன மொற இருக்கணும். இந்த மொற இருக்கக்கூடாது. வீங்கின காலுக்கு அச்செடுத்தா வீங்கின சப்பாத்துதான் வரும். வத்தின பொறகு வாங்க."

"எப்ப வரட்டுங்க?"

"அடுத்த வருசம்."

"மாகாணப் போட்டி அடுத்த மாசம் சேர்."

"போட்டிய நானா வச்சேன்?"

ஜீவராஜ் சேர் குனிந்து தக்ஷிகாவின் மற்றக் காலைப் பார்த்தார். பிறகு, "அப்ப இடது காலுக்கு அச்செடுங்க. அது நல்லாத்தான் இருக்கு," என்றார்.

கணேசமூர்த்தி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "நல்ல காரியத்த யாராச்சும் இடது கால வச்சு தொடங்குவாங்களா? சபையோட மொத அச்சு சேர் இது! வலது கால்தான் விதி. இடது கால அதப் பாத்து ஊகிச்சிக்கிடுவோம்."

அதற்குள் ஒரு பையன் ஓடிவந்து சாந்து இறுகத் தொடங்கிவிட்டது என்றான். கீழே வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தலைவர் வந்துவிட்டார். கணேசமூர்த்திக்கு வியர்த்தது. பேசினைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், தக்ஷிகாவின் காலைப் பார்த்தார். கடைசியில் அவருடைய பார்வை ரூபிகாவின் காலில் வந்து நின்றது. பிறகு, மடுவத்தில் கணக்கப்பிள்ளை பார்ப்பது போலவே, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"தக்ஷிகாவோட கால் இப்ப சாந்துக்குள்ள இருக்கணும். நான் திரும்பிப் பாக்கிறப்ப இருக்கணும்," என்று வானத்திடம் சொன்னார்.

"நான் வைக்கவாடி?" என்று ரூபிகா கிசுகிசுத்தாள்.

"வையிடி. ஒன் காலும் என் காலும் ஒண்ணுதானே. ஒன் செருப்பதானே நான் போட்டுக்கிட்டு திரியிறேன்."

உண்மைதான். அவர்கள் லயத்தில் வாசலில் கிடக்கிற இறப்பர் செருப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அவசரத்துக்கு எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு குழாயடிக்கோ கடைக்கோ போய் வருவார்கள். எல்லாச் செருப்பும் எல்லாக் காலுக்கும் போதும். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

சாந்து ஐஸ் மாதிரி இருந்தது. ரூபிகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் பேசினார், பொன்னாடை போர்த்தினார்கள், தலைவர் மறுபடி பேசினார். சாந்து காய்ந்து அவள் கால் மாட்டிக்கொண்டது. சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் எடுத்தார்கள்.

அச்சுக்கு அதன்பிறகு கிடைத்த மரியாதை மனிதக் காலுக்குக் கிடைப்பதில்லை. உச்சியில் பாதச் சுவடு உள்ள சிவனொளிபாத மலைக்கு ஏறப் போகிறவர்கள் வந்து இறங்குகிற ஊர் ஹட்டன். அங்கே பாதத்துக்கு மரியாதை செய்வது புதிதில்லை. கண்ணாடிப் பெட்டி, அடியில் சிவப்பு வெல்வெட், மேலே ஒரு சின்ன மாலை. பத்திரிகையில் 'தக்ஷிகாவின் பாதம்' என்று படம் வந்தது. ரூபிகா அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்டதற்காக வெட்கப்பட்டு, அதில் வடை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

தக்ஷிகாவின் வீக்கம் வற்றியது. சப்பாத்தும் வந்தது. விழாவுக்குத் தோட்டமே வேன் பிடித்துக்கொண்டு போனது.

அங்கேதான் யாரும் எதிர்பாராத ஒரு சடங்கை வைத்தார்கள். கொடுப்பதற்கு முன் காலையும் அச்சையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாம். தக்ஷிகாவின் கால் வெறுங்காலோடு ஓடி ஓடி அகன்ற கால். விரல்கள் ஒன்றுக்கொன்று சண்டை போட்ட மாதிரி விலகி நிற்கும். அச்சுக்குள் அது பாதிகூட இறங்கவில்லை. கணேசமூர்த்தி அழுத்திப் பார்த்தார். அச்சின் ஓரம் சற்று உதிர்ந்தது. மண்டபமே "ஐயோ" என்றது, காலுக்காக அல்ல.

"அச்சு பொய் சொல்லாது," என்று தீர்ப்பு வந்தது. தக்ஷிகா இறக்கிவிடப்பட்டாள். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக மேடைக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். ரூபிகா தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒன்றும் அறியாத ஜீவராணிதான் அவளை முதுகில் தள்ளிவிட்டாள். "போடி, எல்லா புள்ளைங்களும் போறாங்கள்ல. வச்சுப் பாத்தா காலு தேஞ்சா போயிரும்?"

*

கைதட்டல் முடிந்து, வடையும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஜீவராஜ் சேர் கணேசமூர்த்தியைப் பிடித்தார். இரண்டு பிள்ளைகளும் கதவோரம் நின்றார்கள். ரூபிகாவின் காலில் சப்பாத்து இருந்தது. அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சேர், ஒங்களுக்கே தெரியும். அன்னைக்கி நீங்கதான் வானத்த பாத்தீங்க."

"தெரியும்," என்றார் கணேசமூர்த்தி, வடையைப் பிய்த்தபடி. "எனக்கு ஏன் தெரியாது? ஆனா சேர், அன்னைக்கி சபைக்கு ஒரு கால் வேணும். யாரோட கால்ங்கிறது இரண்டாம்பட்சம். சாந்து கரைச்சாச்சு, தலைவர் வந்தாச்சு. கால் இல்லைன்னா விழா இல்ல. விழா இல்லைன்னா சபை இல்ல. சபை இல்லைன்னா இந்தப் புள்ளைங்களுக்கு சப்பாத்து ஏது?"

"இப்பவும் ஏதுங்க?"

"அதான் குடுத்தாச்சே! தக்ஷிகாவுக்கு."

"தக்ஷிகா இவ சேர்! அடையாள அட்டை வேணும்னா காட்டுறேன்."

"அதுல மூஞ்சிப் படம்தானே இருக்கு. கால் படம் இருக்கா?"

ரூபிகா துணிந்து முன்னால் வந்தாள். "சேர், தப்பு என்னோடதுங்க. நான் தலைவர் ஐயாகிட்ட போயி திரும்பவும் சொல்றேன். மைக்குலயே சொல்றேன்."

கணேசமூர்த்தி முதல்முறையாக வடையைக் கீழே வைத்தார். குரல் மிகவும் கனிவாக இருந்தது. ரூபிகாவுக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

"சொல்லும்மா. தாராளமா சொல்லு. அப்ப நான் என்னா எழுதணும் தெரியுமா? தக்ஷிகாங்கிற புள்ள வேற ஆள வச்சு கால் மோசடி பண்ணிருச்சுன்னு எழுதணும். அந்தப் புள்ள இனிமே எந்தப் போட்டிக்கும் போக முடியாது. ஒங்க பள்ளிக்கூடத்துக்கு எந்த ஒதவியும் வராது. நீ சொல்லலைன்னா தக்ஷிகா மாகாணப் போட்டியில ஓடுவா. அதாவது, நீ. எது நல்லதுன்னு நீயே யோசி. நான் தடுக்க மாட்டேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

ரூபிகா தக்ஷிகாவைப் பார்த்தாள். தக்ஷிகா சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபிகா சொல்லவில்லை.

வேனில் ஜீவராஜ் சேர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். "போட்டி நடக்கிற கண்டிக்கு எவன் வந்து கால பாக்கப் போறான்? தக்ஷிகா பேர கூப்பிடுவாங்க, தக்ஷிகா போயி ஓடுவா. வெறுங்காலோட. எத்தன நாள் அப்படி ஓடியிருக்கா."

"ஆஸ்பத்திரியில வேணாம்னாங்களே சேர்," என்றாள் ரூபிகா.

"அவங்க சப்பாத்தோட ஓடச் சொன்னாங்க. சபை சப்பாத்து குடுக்காம ஓடச் சொல்லுது. நாம என்னாதான் பண்ணுறது?"

தக்ஷிகா முதல்முறையாகச் சிரித்தாள். அடுத்த நாளே தேயிலை மலைக்கு நடுவே போகிற ரோட்டில் ஓடத் தொடங்கினாள். கணுக்கால் தாங்கியது. ரூபிகா வாசலில் உட்கார்ந்து அவள் வளைவில் மறைவதையும் அடுத்த வளைவில் தெரிவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். சப்பாத்து பெட்டிக்குள் கட்டிலுக்கடியில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது ஒருநாள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகக் குதித்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தக்ஷிகாவின் அம்மா, "யாரு அது, ரூபிகாவா? என்னா சத்தம்?" என்றாள். ரூபிகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

*

கண்டி மைதானத்துக்குச் சபையின் வாகனம் அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. முன் ஆசனத்தில் அச்சுப் பெட்டி, பாதுகாப்புப் பட்டி போட்டு உட்கார்ந்திருந்தது. கணேசமூர்த்தி பின்னால் ஒடுங்கிக்கொண்டு இருந்தார். தலைவரும் தனி வாகனத்தில் வந்திருந்தார்.

"ஒலகத்துல எந்தப் போட்டியிலயும் இந்த வசதி கெடயாது," என்று அவர் நடுவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க புள்ளைக்கி அடையாளம் காட்ட நாங்க வேற ஆள் கொண்டுவரல. அவ கால கொண்டுவந்திருக்கோம்."

நடுவர்களுக்கு வெயில். சபை காட்டுகிற பிள்ளை எதுவோ அதுதான் தக்ஷிகா என்று எடுத்துக்கொண்டார்கள். 'தக்ஷிகா' என்று கூப்பிட்டதும் தக்ஷிகா எழுந்து போனாள். கணேசமூர்த்தி பெட்டியைத் திறந்தார். தக்ஷிகா திரும்பி வந்தாள். வேலிக்கு வெளியே போய் நின்றாள். ஜீவராஜ் சேர் தலையில் கைவைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்.

சபை கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரூபிகா மூவாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு நின்றாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. நடந்திருக்கிறாள், தலையில் விறகோடு.

"ஏய்!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தக்ஷிகா கத்தினாள். "ஆரம்பத்துல இழுக்காதடி! மெதுவா போ! மூச்ச புடிச்சி வையி!"

துப்பாக்கி வெடித்தது.

அடுத்து நடந்ததை ரூபிகா யாரிடமும் சொன்னதில்லை. சப்பாத்து தரையில் பட்டது, தரை அவளைத் திருப்பித் தூக்கியது. அவ்வளவுதான். காலுக்கடியில் கல் இல்லை, குத்தவில்லை, வழுக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் மெல்லத் தள்ளிவிடுவது போலிருந்தது. மெதுவாகப் போகவேண்டும் என்பது மறந்துபோனது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். முன்னால் யாரும் இல்லை. ஒலிபெருக்கி "முன்னணியில் தக்ஷிகா, தக்ஷிகா!" என்றது. அவளும் உள்ளுக்குள் 'ஆமா' என்றாள். அந்தச் சுற்று முழுவதும் அவள் வேலிப் பக்கம் பார்க்கவே இல்லை.

இரண்டாவது சுற்றில் விலா பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் கண் இருட்டியது. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். சிலர் இரண்டாவது தடவையும் தாண்டினார்கள். கடைசியில் மைதானத்தில் அவள் மட்டும் ஓடினாள், இல்லை, ஓடுவது போல நடந்தாள். மற்ற எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டு அவள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள்.

"கடைசியாக, தக்ஷிகா," என்றது ஒலிபெருக்கி.

அந்தப் பெயர் மைதானத்தின் நாலு பக்கமும் பட்டுத் திரும்பி வந்தது. மடுவத்தில் ஜீவராணி கொழுந்து போட்டால் தக்ஷிகாவின் அம்மாவுக்கு முழுப்பேர் விழும். ஜீவராணியின் மகள் கால் போட்டாள். தக்ஷிகாவுக்கு அரைப்பேர்கூட விழவில்லை. ரூபிகா புல்லில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தாள்.

அவள் எழுவதற்குள் கணேசமூர்த்தி ஓடிவந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டார். தலைவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, அடிப்பக்கத்தை ஆராய்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. ஓர் உள்ளூர் நிருபர் பக்கத்தில் இருந்தார்.

"எழுதிக்கிடுங்க தம்பி. அடி தேயல. ஒரு கீறல் இல்ல. முன்னால ஓடி வந்த புள்ளைங்களோட சப்பாத்த பாருங்க, எல்லாம் நாசம். பொறுப்பில்லாத ஓட்டம். எங்க புள்ள பொதுச் சொத்த பாதுகாத்துக்கிட்டே மூவாயிரம் மீட்டர கடந்திருக்கு. இதுக்குப் பேர்தான் முன்னேற்றம்."

"அடுத்த போட்டிக்கும் இதே புள்ளதானுங்களா ஐயா?"

"அடுத்த போட்டியா? இன்னொருக்கா ஓடினா தேஞ்சிரும்ல? இத அச்சுக்குப் பக்கத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். வரப்போற தலைமுற வந்து பாக்கணும். எங்களுக்கெல்லாம் சப்பாத்து கெடச்சிச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

*

வாகனத்தில் அச்சும் சப்பாத்தும் போயின. அவர்கள் மூவரும் பஸ்ஸில் வந்தார்கள். ஜீவராஜ் சேர் முன் ஆசனத்தில் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு வந்தார். ஹட்டனில் இறங்கும்போது, "கால பாத்துக்கிடுங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் மாலைப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து ஏற்றிய டிரக்டர் ஒன்று அவர்களைத் தாண்டி தேயிலை ஆலையான இஸ்டோர் பக்கம் போனது. தக்ஷிகா முன்னால் நடந்தாள். அவள் காலில் கிடந்தது ரூபிகாவின் செருப்பு. காலையில் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், எப்போதும் போல. குதிகால் செருப்புக்கு வெளியே ஒரு விரலளவு நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரூபிகா இன்றைக்குத்தான் பார்த்தாள்.

தக்ஷிகா திட்டுவாள் என்று ரூபிகா பஸ் ஏறியதிலிருந்து காத்திருந்தாள். திட்டினால் அழலாம். அழுதால், மன்னிச்சிருடி என்று சொல்லலாம். நாளைக்கு யாரிடம் போய் உண்மையைச் சொல்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம். தக்ஷிகா திட்டவில்லை. வளைவில் நின்று, ரூபிகா பக்கத்தில் வரும்வரை பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மெதுவா போன்னு கத்தினேனே, கேக்கலயா?"

"கேட்டுச்சு," என்றாள் ரூபிகா.

"பொறகு ஏன்டி இழுத்த? மொதச் சுத்துல எல்லாரையும் தாண்டி போனியே. நான் அப்படியே வாயப் பொளந்துக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தேன்." தக்ஷிகா கீழே குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தேயிலைச் செடியின் தூரில் வழித்தாள். நிமிரவில்லை. "அந்த சப்பாத்துதான் இனிமே கண்ணாடிக்குள்ள போயிருச்சே. நான் ஒருநாளும் போடப் போறதில்ல. நீயாச்சும் சொல்லு ரூபி. போட்டு ஓட எப்படிடி இருந்துச்சு?"